மக்காச்சோளத்துக்கு எந்த உழவு? மண்ணையும் முன்பயிரையும் வைத்து ஓர் ஒப்பீடு

உழவை நிறுத்தினால் மக்காச்சோளம் குறையுமா, கூடுமா? ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ஒருவருக்கு உழாமல் விதைத்த முதல் வருடமே நன்றாக விளைந்திருக்கும். இன்னொருவர் அதே விதை, அதே உரம் போட்டும் பயிர் மஞ்சளடித்து, மறுவருடமே கலப்பையைத் திரும்ப மாட்டியிருப்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஒருவர் வயலில் தண்ணீர் வடிந்தது, மற்றவர் வயலில் நின்றது. ஒருவர் சோயாத் தாளில் விதைத்தார், மற்றவர் மக்காச்சோளத் தட்டைக்கு மேல் மறுபடியும் மக்காச்சோளமே போட்டார்.

ஆகவே முடிவெடுக்கும் வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் வடிகால், அடுத்து முன்பயிர், கடைசியில்தான் கலப்பை. பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. கொட்டகையில் எந்தக் கருவி நிற்கிறதோ அதுவே முடிவு செய்துவிடுகிறது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

வடிகால். மழை பெய்து எத்தனை நாளில் வயலில் கால் வைக்க முடிகிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. உழவில்லா முறையில் விளைச்சல் குறைந்த வயல்களில் பெரும்பாலானவை வடியாத வயல்கள்.

முன்பயிர் விட்டுப்போகும் எச்சம். மக்காச்சோளத்தில் மணியும் தட்டையும் ஏறக்குறைய சம எடை. ஏக்கருக்கு 4 டன் மணி எடுத்தால் 4 டன் தட்டை நிலத்தில் கிடக்கும். சோயாவின் எச்சம் இதில் பாதிகூட வராது, சீக்கிரம் மக்கியும் போகும்.

மண்ணின் கட்டமைப்பு. மேல்மண் பொருக்குத் தட்டுகிறதா, அடியில் கடினத்தட்டு இருக்கிறதா, அங்ககப் பொருள் எவ்வளவு என்பவை.

சரிவு. நிலப்பரப்பில் 30 சதவீதம் எச்சத்தால் மூடியிருந்தாலே மண் அரிப்பு பாதிக்கு மேல் குறையும். சமதளத்தில் இதன் மதிப்பு குறைவு. சரிவில் இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

விதைப்பு நேரத்து மண்வெப்பம். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மக்காச்சோள விதை நகராது. தட்டை மூடிய மண் பகலில் இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். குளிர்ப்பகுதியில் அது குறை. வெயில் கொளுத்தும் இடத்தில் அதுவே வரம்.

செலவு. டீசல், ஆள்நேரம், களைக்கொல்லி, கூடுதல் தழைச்சத்து (நைட்ரஜன்) ஆகியவற்றை ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். டீசலை மட்டும் பார்த்தால் உழவில்லா முறை எப்போதும் ஜெயிக்கும். களைக்கொல்லியை மட்டும் பார்த்தால் எப்போதும் தோற்கும்.

## முடிவுக்கு முன் மண்ணில் நான்கு சோதனை

ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்துக்குக் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். முதல் தண்ணீர் முழுவதும் இறங்கட்டும். மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் வடிகால் மோசம். 2.5 முதல் 7.5 செ.மீ. வரை நல்லது. 10 செ.மீ.க்கு மேல் போனால் தண்ணீரும் தழைச்சத்தும் தங்காத மண். அதே குழியின் சுவரைக் கவனியுங்கள். ஓர் அடிக்குள் சாம்பல் நிறமும் துருப்புள்ளிகளும் கலந்திருந்தால், வருடத்தில் பல வாரங்கள் அங்கே நீர் தேங்குகிறது என்று பொருள். இன்றைக்கு நிலம் காய்ந்திருந்தாலும் இந்தப் புள்ளிகள் உண்மையைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாக நசுக்கித் தள்ளுங்கள். 2.5 செ.மீ. வருமுன் உடைந்தால் மணலும் களியும் கலந்த குறுமண் வகை. 5 செ.மீ. வரை வந்தால் களி கலந்த குறுமண். அதற்கு மேலும் நீண்டால் களிமண்தான். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல்.

மூன்றாவது, முந்தைய பயிரின் வேர்க்கட்டையை மண்வெட்டியால் பக்கவாட்டில் வெட்டி எடுத்துப் பாருங்கள். ஆணிபோல் நேரே இறங்க வேண்டிய வேர்கள், 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் ஒரே மட்டத்தில் முழங்கைபோல மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தால் அங்கே கடினத்தட்டு இருக்கிறது. வருடாவருடம் ஒரே ஆழத்தில் ஓடிய சட்டிக் கலப்பையும் ரோட்டவேட்டரும் போட்ட தட்டு அது. இதை உடைக்காமல் உழவில்லா முறைக்குப் போவது, பூட்டிய கதவின் முன் நின்றுகொண்டு சாவியைத் தூக்கிப் போடுவதற்குச் சமம்.

நான்காவது, எச்ச அளவு. 15 மீட்டர் கயிற்றில் 15 செ.மீ.க்கு ஒன்றாக 100 முடிச்சுப் போட்டு, பயிர் வரிசைக்குக் குறுக்குச்சாய்வாக நீட்டுங்கள். எத்தனை முடிச்சுக்கு நேர்கீழே எச்சம் கிடக்கிறதோ அத்தனை சதவீதம் மூடல். நான்கைந்து இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள். கண்மதிப்பு பெரும்பாலும் கூடுதலாகவே சொல்லும்.

## உழவு முறைகள்

### முழு உழவு

இறக்கைக் கலப்பை அல்லது சட்டிக் கலப்பையால் 20–25 செ.மீ. புரட்டி, பிறகு கொக்கிக் கலப்பையோ ரோட்டவேட்டரோ ஓட்டிப் பொடியாக்குவது. விதைக்கும்போது எச்ச மூடல் 15 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

இதன் பலம் மூன்று: மண் சீக்கிரம் காய்ந்து சூடேறும், தட்டை கண்ணில் படாமல் போகும், விதை சீரான ஆழத்தில் விழும். வடியாத களிமண்ணில் மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளம் போட்டே ஆக வேண்டுமென்றால், இன்னும் இதுதான் நம்பகமான முறை. இலைநோய்க் கிருமிகள் தங்கும் தட்டையைப் புதைத்துவிடுவதும் ஒரு லாபம்.

டீசல்தான் கண்ணுக்குத் தெரியும் செலவு. இறக்கைக் கலப்பைக்கு ஏக்கருக்குச் சுமார் 7 லிட்டர், மேல் உழவு ஒவ்வொரு சுற்றுக்கும் 2 முதல் 3 லிட்டர். மண்ணின் கனத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். கண்ணுக்குத் தெரியாத செலவு, கூடுதலாக ஓட்டும் ரோட்டவேட்டர் சுற்றில் இருக்கிறது. மாவாகப் பொடிந்த மண்ணில் ஒரு கனமழை விழுந்தால், நுண்துகள்கள் மேல் துளைகளை அடைத்துக்கொள்ளும். அடுத்த வெயிலில் பொருக்கு இறுகிவிடும். முளை மேலே வரமுடியாமல் மண்ணுக்குள்ளேயே சுருண்டு இலை விரித்துவிடும். தோண்டிப் பார்த்தால் வெளிறிய இலை மடங்கிக் கிடக்கும். விதை சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் இதைத் தோண்டிப் பார்ப்பது நல்லது.

ஈரத்தில் உழுவது இதைவிடப் பெரிய தவறு. உழவு இறங்கும் ஆழத்திலிருந்து மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். 3 மி.மீ. தடிமனுக்கு இழையாக நீண்டால் இன்னும் பதம் வரவில்லை. இழையாகுமுன் உதிர்ந்தால் உழலாம். மேல்பகுதி காய்ந்து வெளுத்திருப்பதைப் பார்த்து ஏமாறுபவர்கள் ஏராளம்.

### உளிக் கலப்பை உழவு

மண்ணைப் புரட்டாமல், 25–30 செ.மீ. ஆழத்துக்குக் கீறி மட்டும் விடுவது. மேலே 30 சதவீதத்தைச் சுற்றி எச்சம் மிஞ்சும். டீசல் ஏக்கருக்குச் சுமார் 4 லிட்டர்.

"அகல உழுவதிலும் ஆழ உழு" என்ற பழமொழியை எல்லா நிலத்துக்கும் நீட்டுகிறவர்கள் உண்டு. கடினத்தட்டு இருக்கும் நிலத்துக்கு அது பொருந்தும். தட்டே இல்லாத, தானாக வடியும் குறுமண்ணில் ஆழ உழுவதால் கிடைப்பது டீசல் ரசீது மட்டும்தான். அடிமண் காய்ந்திருக்கும்போது ஓட்டினால்தான் தட்டு விரிசல் விட்டு உடையும். ஈரத்தில் ஓட்டினால் உளி ஒரு சந்து மட்டும் போட்டுவிட்டுப் போகும், சந்தின் சுவர் இன்னும் வழுவழுப்பாக இறுகும். உளி இறங்கும் ஆழம், தட்டுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே இருந்தால் போதும்.

உடைத்த தட்டு மறுபடியும் சேராமல் காப்பது தனி வேலை. அச்சுக்கு 10 டன் தாண்டும் பாரவண்டியை ஈரநிலத்தில் இறக்கினால் 40 செ.மீ.க்குக் கீழேயும் மண் இறுகும். அந்த ஆழத்துக்கு எந்தக் கலப்பையும் எளிதில் எட்டாது.

### பட்டை உழவு

விதை விழும் வரிசையில் மட்டும் 20 செ.மீ. அகலம், 15–20 செ.மீ. ஆழத்துக்குக் கிளறி, இடைப்பகுதியை எச்சத்தோடு அப்படியே விடுவது. 75 செ.மீ. வரிசை இடைவெளி என்றால் நிலத்தில் முக்கால் பங்குக்குக் கலப்பையே படாது. பட்டை சற்று மேடாக நிற்பதால் சீக்கிரம் காயும், சூடேறும். மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தையும் (பொட்டாஷ்) அதே ஓட்டத்தில் பட்டைக்குள் ஆழமாக வைத்துவிடலாம்.

களிமண்ணுக்கும் உழவில்லா முறைக்கும் நடுவே சமாதானம் செய்துவைக்கும் முறை இதுதான். நாம் பார்த்தவரை, மிதமான வடிகாலுள்ள களி கலந்த நிலங்களில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் நல்ல தேர்வு.

கருவி விலை அதிகம். விதைப்புக் கருவி அதே பட்டையில் ஓட வேண்டும். 10 செ.மீ. விலகினால் பாதி விதை கிளறாத ஓரத்தில் விழுந்து, ஒரே வரிசையில் இரண்டு வயதுப் பயிர் நிற்கும். களிமண்ணில் பட்டையை அறுவடை முடிந்த கையோடு போட்டுவிட வேண்டும். விதைப்புக்கு முந்தின வாரம் போட்டால் கட்டியும் காற்றுப் பையும்தான் மிஞ்சும். மணற்பாங்கான நிலத்தில் நேர்மாறு: விதைப்பை ஒட்டிப் போட்டால் போதும். செங்குத்துச் சரிவில் மேலிருந்து கீழாகப் பட்டை போட்டால் அதுவே வாய்க்காலாகி மண்ணை இழுத்துக்கொண்டு போகும்.

### உழவில்லா விதைப்பு

முன்பயிரின் எச்சத்துக்குள்ளேயே சால் கீறி விதைத்து மூடுவது. டீசல் ஏக்கருக்கு 2 லிட்டருக்குள். ஈரம் தங்கும், அரிப்பு ஏறக்குறைய நின்றுபோகும், மண்புழு பெருகும், வருடங்கள் ஆக ஆக மழைநீர் இறங்கும் வேகம் கூடும்.

இழப்பு எங்கே வருகிறது? பெரும்பாலும் முதல் முப்பது நாளில். அதிலும் விதைப்புக் கருவியில். ஈரக்களியில் சால் திறக்கும் இரட்டை வட்டத்தகடு, சாலின் சுவரைக் கத்தியால் தடவியதுபோல் வழுவழுப்பாக்கிவிடும். மூன்றிலைப் பருவத்தில் ஒரு செடியைத் தோண்டி, சாலுக்குக் குறுக்காகப் பாருங்கள். வேர்கள் நாலாபக்கமும் பரவாமல், சாலின் நீளவாக்கில் மட்டும் விசிறி மட்டைபோல் தட்டையாக நின்றால் சுவர் இறுகியதுதான் காரணம். மழை தொடர்ந்தால் தப்பிக்கும். பத்து நாள் காய்ந்தால் செடி வாடும். அதற்குள் சால் வெடித்துத் திறந்து, விதையடி வெளியே தெரியும். மூடும் சக்கரங்களில் ஒன்றையாவது வழுவழுப்பானதிலிருந்து பல்முனைச் சக்கரமாக மாற்றினால் இது பெருமளவு குறையும். ஆனால் முதல் மருந்து, இன்னும் இரண்டு நாள் பொறுப்பதுதான்.

அடுத்தது தட்டை மடிப்பு. காலைப் பனியில் தட்டை நைந்திருக்கும்போது விதைத்தால், வட்டத்தகடு அதை அறுக்காமல் மடக்கிச் சாலுக்குள் திணித்துவிடும். விதை மண்ணைத் தொடாமல் வைக்கோல் மெத்தையில் உட்காரும், ஊறாது. வெயில் ஏறி, தட்டை மொறுமொறுத்த பிறகு விதைக்க வேண்டும். கருவியின் முன்னே எச்சம் விலக்கும் சக்கரம் இருந்தால் வரிசையில் ஒரு சாண் அகலம் வெறும் மண் தெரியும்படி அமைக்கலாம். அது மண்ணைக் கிளறக்கூடாது, எச்சத்தை மட்டுமே நகர்த்த வேண்டும். விதை ஆழம் 4 முதல் 5 செ.மீ. எச்சத்தின் மேலிருந்து அளக்காமல் மண்ணின் மேலிருந்து அளக்க வேண்டும்.

மூன்றாவது, தழைச்சத்துப் பசி. மக்காச்சோளத் தட்டையில் கார்பன் தழைச்சத்து விகிதம் 60க்கு 1 அளவில் இருக்கிறது. கோதுமை வைக்கோலில் 80க்கு 1. நுண்ணுயிர்களுக்கு வேண்டியது 24க்கு 1 தான். பற்றாக்குறையை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். இளம்பயிர் வெளுத்து நிற்கும். விதைக்கு 5 செ.மீ. பக்கத்தில், 5 செ.மீ. கீழே கொஞ்சம் தழைச்சத்தும் மணிச்சத்தும் வைத்தால் இந்தக் கட்டத்தைத் தாண்டலாம். யூரியாவைத் தட்டையின்மேல் தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்பது, காற்றுக்கு உரம் போடுவது. மண்ணுக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உடனே பாசனம் கொடுக்க வேண்டும்.

வருடங்கள் கழித்துத் தெரியும் ஒன்று: மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மேல் 5 செ.மீ.யில் குவிந்துவிடும், தழைச்சத்து உரத்தால் அந்த மேலடுக்கு அமிலமாகும். மண்பரிசோதனைக்கு வழக்கமான ஆழத்தில் ஒரு மாதிரியும், மேல் 5 செ.மீ.யில் தனி மாதிரியும் எடுக்க வேண்டும். கலந்து எடுத்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டும்.

### நிலையான மேட்டுப்பார்

பார்களை ஒருமுறை அமைத்து, வருடாவருடம் உச்சியை மட்டும் சீவி விதைப்பது. வெடிக்கும் கரிமண்ணிலும், வாய்க்கால் பாசனமுள்ள தட்டையான நிலத்திலும் நன்றாக வேலை செய்யும். எல்லாக் கருவியின் சக்கர இடைவெளியும் பார் இடைவெளியோடு ஒத்துப்போக வேண்டும். அறுவடை இயந்திரம் ஒரே ஒருமுறை பார்மீது ஏறினாலும் அந்த வருட வேலை வீண்.

## பயிர்ச்சுழற்சி: மூன்று வழிகள்

### மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளம்

மற்றப் பயிர் விலை போகாத இடத்திலும், தட்டை தீவனத்துக்குத் தேவைப்படும் இடத்திலும் இதை விட முடியாது. ஆனால் சுழற்சியில் வரும் மக்காச்சோளத்தைவிட இது பொதுவாக 5 முதல் 15 சதவீதம் குறைவாக விளையும். வறண்ட வருடத்தில் இடைவெளி இன்னும் விரியும். தழைச்சத்து ஏக்கருக்குச் சுமார் 20 கிலோ கூடுதலாக வேண்டும். அதைப் போட்டாலும் இடைவெளி முழுவதும் மூடாது, ஏனென்றால் இழப்புக்குக் காரணம் தழைச்சத்து மட்டும் கிடையாது. வேரழுகல் பூசணங்கள், சாம்பல் இலைப்புள்ளி, இலைக்கருகல், தண்டழுகல் எல்லாம் சென்ற வருடத் தட்டையில் காத்திருக்கும். வேர்ப்புழு உள்ள நாடுகளில் அதன் முட்டை மக்காச்சோள வயல் மண்ணிலேயே கிடந்து, அடுத்த வருட வேருக்காகக் காத்திருக்கும்.

### மக்காச்சோளம் – சோயா (அல்லது வேறு பயறு)

ஒரே ஒரு வருட இடைவெளி, மேலே சொன்ன இழப்பில் பெரும்பகுதியை மீட்டுவிடுகிறது. அதோடு எச்சம் குறைவு என்பதால் உழவில்லா விதைப்பும் எளிதாகிறது. உழவில்லா முறையில் முதல் தடவை இறங்குபவர்கள் சோயாத் தாளில் தொடங்குவதே உத்தமம்.

குறையும் உண்டு. சோயாவுக்குப் பின் மண் பொலபொலவென்று வெறுமையாகக் கிடக்கும். சரிவில் இந்த நேரத்தில் உழுவது, மண்ணை வண்டியில் ஏற்றி அனுப்புவதற்கு ஒப்பு. வேர்ப்புழுவும் எல்லா இடத்திலும் ஏமாறாது. அமெரிக்காவின் இல்லினாய், இந்தியானா மாநிலங்களில் சோயா வயலிலேயே முட்டையிடும் வேர்ப்புழு வகை 1990-களில் பரவியது. வடக்கு வேர்ப்புழுவில் ஒரு பகுதி, முட்டைக்குள்ளேயே இரண்டு குளிர்காலம் தூங்கிச் சோயா வருடத்தைக் கடந்துவிடுகிறது.

### மூன்று, நான்கு வருடச் சுழற்சி

சிறுதானியமோ கோதுமையோ, அதனோடு தீவனப் பயறோ சேர்ப்பது. அயோவா மாநிலத்தின் மார்ஸ்டன் பண்ணையில் 2003–2011 காலத்தில் இரண்டு, மூன்று, நான்கு வருடச் சுழற்சிகளை ஒப்பிட்டார்கள். நீண்ட சுழற்சியில் மக்காச்சோளம் சராசரியாக 4 சதவீதமும் சோயா 9 சதவீதமும் கூடுதலாக விளைந்தன, உரமும் களைக்கொல்லியும் பல மடங்கு குறைந்தன. நன்றாக வேரூன்றிய குதிரைமசாலை மடக்கிவிட்டு விதைக்கும் முதல் மக்காச்சோளத்துக்குப் பல நிலங்களில் வெளித் தழைச்சத்தே மிகக் குறைவாகத்தான் வேண்டும்.

ஆட்கூலியும் சந்தையும்தான் தடை. கால்நடை வைத்திருப்பவருக்கு இது கணக்கில் எளிதாக நிற்கும். மற்றவர்கள், மூன்றாவது பயிரை வாங்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

## நீண்ட காலச் சோதனை வயல்கள் காட்டுவது

ஒரே மாநிலத்தில், ஒரே திட்டத்தில், இரண்டு மண்ணில் நடந்த சோதனை ஓகையோவில் இருக்கிறது. ஊஸ்டரில் 1962-லும் ஹாய்ட்வில்லில் 1963-லும் தொடங்கியது. ஊஸ்டரில் நன்றாக வடியும் வண்டல் குறுமண். அங்கே உழவில்லா மக்காச்சோளம் உழுததற்குச் சமமாகவோ மேலாகவோ விளைந்தது. ஹாய்ட்வில்லில் தட்டையான, மிக மோசமாக வடியும் களி. அங்கே தொடர் மக்காச்சோளத்தை உழாமல் போட்டபோது விளைச்சல் தெளிவாக இறங்கியது. சுழற்சியில் வந்தபோது அந்த இழப்பு பெரிதும் சுருங்கியது.

இந்தியானாவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1975-இல் தொடங்கிய சோதனையும் இதையே இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. கருமையான, அங்ககப் பொருள் நிறைந்த களி கலந்த மண்ணில், தொடர் மக்காச்சோளத்தை உழாமல் போட்டால் முழு உழவைவிட 10 சதவீதத்துக்கு மேல் இழப்பு. சோயாவுக்குப் பின் என்றால் அதே மண்ணில் அதே முறைக்கு இழப்பு 2, 3 சதவீதம்தான். அந்த இரண்டு மூன்று சதவீதத்தை மிச்சமாகும் டீசலும் நேரமும் ஈடுகட்டிவிடக்கூடும்.

உலக அளவில் 610 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வந்த பகுப்பாய்வில், எல்லாப் பயிருக்குமாக உழவில்லா முறை சராசரி 5.7 சதவீத இழப்பு காட்டியது. எச்ச மூடாக்கும் சுழற்சியும் இரண்டும் இல்லாமல் உழவை மட்டும் நிறுத்தியபோது இழப்பு 9.9 சதவீதம், இரண்டும் சேர்ந்தபோது 2.5. மழையை நம்பிய வறண்ட பகுதிகளில் மூன்றும் சேர்ந்தபோது 7.3 சதவீதம் கூடுதல். கலப்பையை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் விட்டவர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்திருக்கிறது.

## மண் வாரியாக

| மண் | முன்பயிர் மக்காச்சோளம் | முன்பயிர் சோயா, பயறு | முதலில் தீர்க்க வேண்டியது |
|---|---|---|---|
| நன்றாக வடியும் குறுமண், சரிவு நிலம் | பட்டை உழவு அல்லது உழவில்லா விதைப்பு | உழவில்லா விதைப்பு | எச்சம் சீராகப் பரவுவது |
| வடியாத களிமண் | முழு உழவு அல்லது உளிக் கலப்பை | பட்டை உழவு | வடிகால் |
| மணற்பாங்கான நிலம் | உழவில்லா விதைப்பு | உழவில்லா விதைப்பு, மூடுபயிரோடு | கடினத்தட்டு, தழைச்சத்தைப் பிரித்து இடுவது |
| வெடிக்கும் கரிமண் | மேட்டுப்பார் | மேட்டுப்பார், உச்சியில் உழாமல் | சக்கரத் தடங்களை ஒழுங்குபடுத்துவது |
| பொருக்குத் தட்டும் செம்மண் | பட்டை உழவு, எச்சத்தோடு | பட்டை உழவு. எச்சம் போதுமென்றால் உழவில்லா விதைப்பு | நில மூடல் |

அட்டவணையில் அடங்காதவை சில.

வடியாத களிமண்ணில் நிலத்தடி வடிகுழாய் போட்டபிறகு அது வேறு மண். அதற்குமுன் போட்ட முடிவை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். குழாய்க்குச் செலவழிக்க வசதியிருந்தால், புதுக் கலப்பைக்கு முன் அதற்குத்தான் செலவழிக்கச் சொல்வோம்.

மணலில் உழவு முறையைவிடத் தண்ணீர்தான் விளைச்சலைத் தீர்மானிக்கும். பூட்டை (உச்சியிலுள்ள ஆண்பூ) வெளிவந்து கதிர்ப்பட்டு வரும் இரண்டு மூன்று வாரத்தில் ஈரம் தவறினால் மணிகள் பிடிக்காது. எச்சம் இந்த நாட்களில்தான் தன் கூலியைத் தரும். ஆனால் மணலிலும் கடினத்தட்டு உண்டு என்பதைப் பலர் நம்புவதில்லை. அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரைச் சமவெளியில், வரிசைக்கு நேர்கீழே ஆழ உளி ஓட்டி, மேலே உழாமல் விதைப்பது வழக்கமான முறையாகவே இருக்கிறது.

கரிமண் தானே வெடித்துத் தானே உழுதுகொள்ளும். இங்கே ஆழ உழவு பெரும்பாலும் தேவையற்ற வேலை. உழத் தகுந்த பதம் சில நாள்தான் நிற்கும். அதற்கு முன் போனால் சக்கரம் புதையும், பின்னால் போனால் கலப்பை பாறாங்கல் பெயர்க்கும். உழவைக் குறைப்பதன் பெரிய லாபம் இந்தச் சில நாளை விதைப்புக்கு மிச்சம் பிடிப்பதுதான்.

அங்ககப் பொருள் குறைந்த, பொருக்குத் தட்டும் செம்மண்ணில், தட்டை முழுவதையும் தீவனத்துக்கு அள்ளிவிட்டு உழாமல் விதைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான கலவை. மழைநீர் இறங்காமல் ஓடும், முளைப்பும் சீராக இருக்காது. தட்டை தேவையென்றால், கயிற்று அளவில் 30 சதவீதமாவது மூடியிருக்கும்படி ஒரு பங்கை விட்டுவிட வேண்டும். அதுவும் முடியாவிட்டால் உளிக் கலப்பையே மேல்.

## மாறும்போது தவறுவது எங்கே

உழவில்லா முறைக்கான தயாரிப்பு அதற்கு முந்தைய அறுவடையில் தொடங்குகிறது. அறுவடை இயந்திரத்தின் பின்னால் எச்சம் ஒரே பட்டையாகக் குவிந்தால், அடுத்த பயிரில் அந்தப் பட்டை அப்படியே மஞ்சள் கோடாகத் தெரியும். வெட்டும் அகலம் முழுவதற்கும் பரப்பும்படி பின்பகுதியைச் சரிசெய்த பிறகே வயலில் இறக்க வேண்டும்.

கடினத்தட்டு, அமிலநிலை, மணிச்சத்துக் குறை இவற்றை முதலில் தீர்த்துவிட வேண்டும். சுண்ணாம்பையும் மணிச்சத்தையும் ஆழத்தில் கலக்கக் கடைசி வாய்ப்பு, கடைசி உழவுதான்.

களை மாறும். ஒருபருவக் களை விதைகள் மேலேயே கிடந்து முளைத்துத் தீரும். கோரையும் அறுகும்போன்ற பல்லாண்டுக் களைகள் வலுக்கும். ஏற்கெனவே அவை மண்டிய வயலில் உழவை நிறுத்துவது தவறான தொடக்கம். முன்பயிர்க் காலத்திலேயே அவற்றை ஒடுக்கிவிட்டு வர வேண்டும். ஒரே வேதிவகைக் களைக்கொல்லியை வருடாவருடம் அடித்தால் எதிர்ப்புக் களை வரும், அப்போது மிச்சம் பிடித்த டீசலெல்லாம் மருந்துக் கடைக்குப் போகும்.

மண் கட்டமைப்பு தேறி வர மூன்று முதல் ஐந்து வருடம் பிடிக்கும். நடுவில் ஒரு வருடம் பொறுமை இழந்து முழு உழவு ஓட்டினால், மண்புழு வழிகளும் வேர்த்தடங்களும் அறுந்து கணக்கு பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கும். "ஒரு வருடம் உழுவோம், ஒரு வருடம் விடுவோம்" என்பது இரண்டு முறையின் செலவையும் தாங்கிக்கொண்டு ஒன்றின் பலனையும் காணாமல் போவது. இதற்கு விலக்கு உண்டு: ஈர அறுவடையில் சக்கரப் பள்ளம் விழுந்த இடங்களை மட்டும் தனியாகக் கிளறிச் சமப்படுத்தலாம்.

## சொந்த வயலில் சோதித்துப் பார்க்க

வயலை இரண்டாகப் பிரித்து ஒரு பாதி உழுது, மறுபாதி விடுவது சோதனையாகாது. ஒரு பாதி மேடாக இருக்கும், மறுபாதி பள்ளமாக இருக்கும். அறுவடை அகலத்துக்கு ஏற்ற நீளப் பட்டைகளாகப் பிரித்து, இரு முறைகளையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றும் குறைந்தது நான்கு பட்டை வரும்படி அமைக்க வேண்டும். ரகம், விதை அளவு, விதைத்த நாள் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். தழைச்சத்து மட்டும் இரண்டிலும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

முளைத்து மூன்று வாரத்தில் செடி எண்ணுங்கள். வரிசை இடைவெளி 75 செ.மீ. என்றால் 5.4 மீட்டர் நீளத்திலும், 60 செ.மீ. என்றால் 6.75 மீட்டர் நீளத்திலும் நிற்கும் செடிகளை எண்ணி ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கருக்கான எண்ணிக்கை. எண்ணும்போது பக்கத்துச் செடியைவிட இரண்டு இலை பின்தங்கியவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவை கதிர் தருவது அரிது. களைபோலத் தண்ணீரும் உரமும் குடித்துக்கொண்டு நிற்கும். உழாத பட்டையில் இவை அதிகமென்றால் குறை முறையில் இல்லை, விதைப்புக் கருவியின் அமைப்பில் இருக்கிறது. அடுத்த வருடம் அதைத் திருத்திவிட்டு மறுபடி ஒப்பிட வேண்டும்.

அறுவடையில் எடையை அப்படியே ஒப்பிடக்கூடாது. எச்சம் மூடிய பட்டையில் பயிர் சில நாள் பின்தங்குவதால் மணியில் ஈரம் கூடுதலாக இருக்கும், தராசு ஏமாற்றும். பட்டை வாரியாக மணி ஈரத்தை அளந்து, 100-லிருந்து அதைக் கழித்து, வருவதை எடையால் பெருக்கி 85-ஆல் வகுத்தால் 15 சதவீத ஈரத்துக்கான எடை கிடைக்கும். 1,000 கிலோ எடையில் ஈரம் 20 சதவீதம் என்றால் கணக்கில் எழுத வேண்டியது 941 கிலோ.